கண்மாய்க் கூழைக்கடா எப்படிப் பிலிப்பைன்ஸ்காரன் ஆனது

மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷமாக இருந்தால், மார்கழி தையில் மதுரைக்குப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க் கரையில் போய் நின்றால் போதும். கூழைக்கடாவைத் தேட வேண்டியதில்லை. நடுத்தண்ணீரில் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் கருவேல மர உச்சியில், இந்தக் கிளை இதை எப்படித் தாங்குகிறது என்று யோசிக்க வைத்தபடி உட்கார்ந்திருக்கும். நாலு கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை எடையுள்ள பறவை அது. இதைவிட உள்ளூர்ப் பறவை வேறு என்ன இருக்கிறது? ஆனால் அதன் அறிவியல் பெயர் பெலிகானஸ் ஃபிலிப்பென்சிஸ், அதாவது பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெலிகன். இன்றைக்கு இந்தப் பறவை பிலிப்பைன்ஸில் கிடையாது, அங்கே அழிந்துபோய்விட்டது. கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதெல்லாம் இந்தியா, இலங்கை, கம்போடியா இந்த மூன்று நாடுகளில்தான் பெரும்பாலும்.

இல்லாத ஊரின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது, ஏன் யாரும் அதை மாற்றவில்லை என்று பார்த்தால், பெலிகன்களை வகைப்படுத்திய வரலாறு முழுவதும் வெளியே வந்துவிடும். பறவைக் கணக்கெடுப்புப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கும், கண்மாய்க் கரையில் தகவல் பலகை வைக்க நினைக்கிறவர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும்.

விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு 1758-தான் தொடக்க ஆண்டு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட ஆண்டு அது. அதற்கு முந்தி யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் கணக்கில் வராது. அந்த நூலின் 132-ஆம் பக்கத்தில் பெலிகானஸ் என்ற பேரினம் இருக்கிறது. பேரினம் என்றால் நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி, அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான். ஆனால் அது நாம் இன்று நினைக்கிற பெலிகன் குடும்பம் இல்லை. நீர்க்காகம், கடலில் திரியும் ஃபிரிகேட் பறவை, கேனட் எல்லாவற்றையும் லின்னேயஸ் அதே கூடையில் போட்டுவிட்டார். அந்தக் கூடையையும் தூக்கி வாத்துகள் இருந்த வரிசைக்குள், அதாவது இன்னும் பெரிய தொகுதிக்குள், வைத்தார்.

அப்படிப் போட்டதற்குக் காரணம் கால். கண்மாய் வற்றி ஓரச் சேறு இறுகத் தொடங்கும் நாட்களில் குனிந்து பார்த்தால் அவர் பார்த்ததை நாமும் பார்க்கலாம். நீர்க்காகத்தின் தடத்தில் மூன்று விரல்கள் முன்னால் இருக்கும். நாலாவது விரல் பின்னால் போகாமல் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதற்கும் பக்கத்து விரலுக்கும் இடையிலும் சவ்வின் அச்சு தெரியும். கூழைக்கடாவின் தடமும் இதே அமைப்புதான், அளவு மட்டும் பெரியது. பக்கத்திலேயே புள்ளிமூக்கு வாத்து நடந்திருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு நடுவே மட்டும்தான் சவ்வு. பின்விரல் தனியாக ஒரு சின்னக் குழியாகப் பதிந்திருக்கும். நாலு விரலையும் சேர்த்துச் சவ்வு ஓடும் கால் பறவைகளில் அபூர்வம். அதை வைத்து ஒரு பேரினத்தை வகுத்தது அந்தக் காலத்துக்கு நியாயமான முடிவுதான். அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிய 200 வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

இந்தக் கூடைக் குழப்பத்தின் தழும்பு ஒன்று இன்னும் ஆறாமல் இருக்கிறது. ஃபிரிகேட் பறவைகளில் ஒன்றை ஆங்கிலத்தில் 'கிரேட்' ஃபிரிகேட் என்கிறார்கள், அதாவது பெரியது. அதன் அறிவியல் பெயரோ ஃபிரிகாட்டா மைனர். மைனர் என்றால் சிறியது! 1789-இல் அதற்குப் பெயர் வைத்தபோது அது பெலிகானஸ் பேரினத்தில் இருந்தது, பெலிகானஸ் மைனர் என்றார்கள். பின்னால் பேரினம் மாறியபோதும் 'மைனர்' கூடவே போனது. பேரினப் பெயர் மாறலாம், இரண்டாவது சொல்லை மாற்ற முடியாது என்பது விதி.

இங்கே அடைப்புக்குறி பற்றிச் சொல்லிவிடுகிறேன். பட்டியல்களில் பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் இது. அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயர் வைத்தவரும் ஆண்டும் வரும். அவை அடைப்புக்குறிக்குள் இருந்தால், பறவை முதலில் வேறொரு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு இடம் மாறியது என்று பொருள். அடைப்புக்குறி இல்லையென்றால் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. பெரிய நீர்க்காகம் ஃபாலக்ரோகோராக்ஸ் கார்போ (லின்னேயஸ், 1758). அது பெலிகானஸில் தொடங்கி வெளியேறியது, அதனால் அடைப்புக்குறி. நம் கண்மாய்களில் சாதாரணமாகத் தெரியும் சின்ன நீர்க்காகம் மைக்ரோகார்போ நைகர் (வியேயோ, 1817). இதுவும் இடம் மாறியதுதான். இன்று உலகில் இருப்பதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பெலிகன் இனங்கள் எட்டு. அந்த எட்டில் ஒன்றுக்குக்கூட அடைப்புக்குறி கிடையாது. எட்டும் பெலிகானஸ் என்ற பெயரோடு பிறந்து அங்கேயே இருப்பவை. ஆகவே கூழைக்கடாவின் பெயருக்குப் பின்னால் யாராவது (ஜிமெலின், 1789) என்று அடைப்புக்குறி போட்டிருந்தால் அது பிழை. அழகுக்காகப் போடும் குறி இல்லை அது.

அந்த ஜிமெலின் என்ற ஜெர்மன்காரரிடம்தான் நம் கேள்விக்கான பதில் இருக்கிறது.

லின்னேயஸுக்குப் பிறகு கூடையைப் பிரித்து அடுக்கத் தொடங்கியவர் பிரிசோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1760-இல் வந்த தன் பறவை நூலில் நீர்க்காகத்துக்கு ஃபாலக்ரோகோராக்ஸ், பூபி என்ற கடற்பறவை வகைகளுக்குச் சூலா என்று தனிப் பேரினங்கள் வகுத்தார். பெலிகன்களை ஓனோகுரோட்டாலஸ் என்றார். அதே நூலில் பிலிப்பைன்ஸ் பெலிகன் ஒன்றையும் விவரித்தார். லின்னேயஸைவிடப் பிரிசோன் பறவைகளை நன்றாகவே பார்த்தவர் என்பது என் எண்ணம். அவருடைய விவரிப்பு நீளம், துல்லியம். ஆனால் அவர் லின்னேயஸின் இருசொல் பெயரிடும் முறையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அதனால் அவர் வகுத்த பேரினங்கள் செல்லும், அவர் வைத்த இனப்பெயர்கள் செல்லாது என்று பிற்காலத்தில் முடிவானது. ஃபாலக்ரோகோராக்ஸும் சூலாவும் இன்றுவரை அவர் பெயரில் நிலைத்திருக்க, பெலிகன் மட்டும் கைவிட்டுப் போனது.

ஜிமெலின் 1789-இல் லின்னேயஸ் நூலைப் புதுப்பித்து வெளியிட்டபோது, பிரிசோனின் விவரிப்பை எடுத்து பெலிகானஸ் ஃபிலிப்பென்சிஸ் என்று விதிப்படி இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். பெருமை அவருக்குப் போய்விட்டது. இதே வழியில் ஆங்கிலேயர் லேத்தம் ஆங்கிலப் பெயர்களோடு மட்டும் விவரித்திருந்த பறவைகள் பலவற்றுக்கும் ஜிமெலின் லத்தீன் பெயர் வைத்துவிட்டார். லேத்தம் சுதாரித்துக்கொண்டு தானே லத்தீன் பெயர்களோடு பட்டியல் வெளியிட்டது 1790-இல், ஒரே ஒரு வருஷம் தாமதம். முந்தியது எதுவோ அதுவே செல்லும் என்பதால், இன்று எத்தனையோ பறவைகளின் பெயருக்குப் பின்னால் ஜிமெலின் 1789 என்று நிற்கிறது. பெலிகன்களில் மட்டும் மூன்று: ஃபிலிப்பென்சிஸ், ஆப்பிரிக்காவின் ரூஃபெசென்ஸ், அமெரிக்க வெள்ளைப் பெலிகனான எரித்ரோரிங்கோஸ். மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, 571-ஆம் பக்கம். இந்த நூல்கள் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லத்தீன் தெரியாதவர்கூடப் பக்கத்தைத் திறந்து பெயரைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிலிப்பைன்ஸில் பறவை அழிந்துவிட்டதே, இப்போதாவது பெயரை மாற்றக் கூடாதா என்றால், கூடாது. பெயரின் பொருள் பறவைக்குப் பொருந்தவில்லை என்பது பெயரை நீக்கக் காரணமாகாது என்று பெயரிடல் விதிநூலிலேயே இருக்கிறது. அறிவியல் பெயர் வர்ணனை இல்லை, ஒரு பதிவு எண் மாதிரி. டிஎன் 59 மதுரை வடக்குப் பதிவு என்பதால் அந்த வண்டி மதுரையிலேயே ஓட வேண்டும் என்று இருக்கிறதா என்ன?

மற்ற ஐந்து பெயர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். வெள்ளைக் கூழைக்கடா ஓனோகுரோட்டாலஸ், லின்னேயஸ் 1758. கிரேக்கத்தில் கழுதை என்பதற்கும் கிலுகிலுப்பை என்பதற்கும் உள்ள சொற்கள் சேர்ந்தது. கழுதை மாதிரிக் கத்துகிறது என்ற பழைய நம்பிக்கை. பழுப்புப் பெலிகன் ஆக்சிடென்டாலிஸ், மேற்கத்தியது என்று பொருள், லின்னேயஸ் 1766. பெரு நாட்டுக் கடற்கரையில் இருப்பது தாகஸ், மோலினா 1782. வெகுகாலம் பழுப்புப் பெலிகனின் கிளையினமாக வைத்திருந்து பிறகு பிரித்தார்கள். ஆஸ்திரேலியப் பெலிகன் கான்ஸ்பிசில்லாட்டஸ், டெம்மின்க் 1824. கண்ணைச் சுற்றிய வளையத்தைப் பார்த்துக் 'கண்ணாடி போட்டது' என்று வைத்த பெயர். எட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். கடைசியாக டால்மேஷியன் பெலிகன், கிறிஸ்பஸ், புரூஃக் 1832. பிடரியில் சுருள் முடி இருப்பதால் அந்தப் பெயர்.

இந்தக் கிறிஸ்பஸ்தான் நம் ஊர்ப் பதிவுகளில் சிக்கலை உண்டாக்குவது. 20-ஆம் நூற்றாண்டின் பல பட்டியல்களில் கிறிஸ்பஸைத் தனி இனமாக ஏற்காமல், ஃபிலிப்பென்சிஸின் கிளையினமாக எழுதினார்கள். அதே காலத்தில் நம் கூழைக்கடாவுக்கு ஆங்கிலத்தில் 'கிரே பெலிகன்' என்று பெயர். அதைத் தமிழாக்கித்தான் 'சாம்பல் கூழைக்கடா' வந்தது. பிறகு இரண்டும் தனித்தனி இனம் என்று ஆனதும், குழப்பம் வேண்டாம் என்று நம் பறவைக்கு 'ஸ்பாட்-பில்ட் பெலிகன்' என்ற பெயரே நிலைத்தது. உடனே தமிழில் 'புள்ளி அலகுக் கூழைக்கடா' வந்தது. இப்போது இரண்டு தமிழ்ப் பெயர்களும் புழக்கத்தில் இருப்பதால், ஒரே கண்மாயின் ஒரே நாள் பட்டியலில் சாம்பல் கூழைக்கடா ஒரு வரி, புள்ளி அலகுக் கூழைக்கடா இன்னொரு வரி என்று எழுதி இனங்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடுவதுண்டு. பழைய பதிவைப் படிக்கும்போது முதலில் ஆண்டைப் பாருங்கள். 'பெலிகானஸ் ஃபிலிப்பென்சிஸ்' என்று மட்டும் எழுதி, கிளையினம் சொல்லாமல் விட்டிருந்தால், வட இந்தியப் பதிவுகளில் அது எதுவாகவும் இருக்கலாம். மதுரைப் பக்கத்துப் பதிவானால் கவலை குறைவு. டால்மேஷியன் குளிர்காலத்தில் குஜராத், ராஜஸ்தான் பக்கத்தோடு நின்றுவிடும்.

இங்கே உண்மையில் தவறு நடப்பது வெள்ளைக் கூழைக்கடாவோடுதான். அது தெற்கே வருவது அரிது, அதனாலேயே பார்த்துவிட்டோம் என்று எழுத ஆசை வரும். அந்தி வெயிலில் எந்தக் கூழைக்கடாவும் இளஞ்சிவப்பாகத் தெரியும். போதாக்குறைக்கு இனப்பெருக்கக் காலத்தில் நம் கூழைக்கடாவின் பின்முதுகிலேயே கொஞ்சம் சிவப்புச் சாயல் ஏறும். அலகில் புள்ளி இல்லை என்பதும் சான்று ஆகாது. குஞ்சாக இருந்து வளர்ந்த பறவைக்கு முதல் ஒரு வருஷம் புள்ளியே வராது, முழு இறகு வண்ணம் வர மூன்றாவது வருஷம் ஆகும். தூரத்தில் கானல் ஆடும் நேரத்தில் வளர்ந்த பறவையின் புள்ளியும் தெரியாது.

ஆகவே படம் எடுக்கும்போது அலகின் நடுவை விட்டுவிட்டு அலகின் அடியைப் பிடியுங்கள். நெற்றி இறகு அலகைத் தொடும் இடத்தில் வெள்ளைக் கூழைக்கடாவுக்கு ஆப்பு மாதிரி ஒடுங்கிக் கூராக இறங்கும். கண்ணைச் சுற்றிலும் இறகில்லாத தோல் அகலமாக இருக்கும். நம் பறவைக்கு அந்தக் கூர் கிடையாது, அகலமாகவே முடியும். அடுத்தது கால்: நம்முடையது கருத்த கால், வெள்ளைக்கு இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் சாயல். பறந்தால் இறக்கையின் அடிப்பக்கம்: வெள்ளைக் கூழைக்கடாவுக்கு முன்பாதி வெள்ளை, பின்விளிம்பு முழுக்கக் கருப்பு, கோடு போட்டுப் பிரித்த மாதிரி. நம் பறவைக்கு அப்படி வெட்டாகப் பிரியாது, மங்கலான சாம்பலாகத்தான் இருக்கும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு படத்தில் இல்லையென்றால் 'பெலிகன், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே மரியாதை. மேலே வட்டமடிக்கும் கூட்டத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு கால் பின்னால் தொங்கினால் அது மஞ்சள்மூக்கு நாரை. கூழைக்கடா கழுத்தை மடக்கித் தோளோடு வைத்துத்தான் பறக்கும்.

இனி லின்னேயஸின் கால் கணக்குக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒன்று: பெலிகன்களை உள்ளுக்குள் பிரிப்பதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது. வெள்ளையாக, பெரிதாக, தரையில் கூடு கட்டுபவை ஒரு கட்சி. சாம்பல் அல்லது பழுப்பாக, மரத்தில் கூடு கட்டுபவை இன்னொரு கட்சி. நம் கூழைக்கடா இரண்டாவது கட்சியில், அமெரிக்கப் பழுப்புப் பெலிகனோடு. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. 2013-இல் எட்டு இனங்களின் டிஎன்ஏவையும் ஒப்பிட்ட ஆய்வு வந்ததும் இது கலைந்தது. நிறமோ கூடோ முக்கியமில்லை, கண்டம்தான் முக்கியம் என்று தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்து மூன்றும் ஒரு கிளை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஐந்தும் இன்னொரு கிளை. அந்த ஐந்தில் முதலில் பிரிந்தது வெள்ளைக் கூழைக்கடா. நம் கூழைக்கடாவுக்கு மிக நெருங்கிய உறவு யார் தெரியுமா? தரையில் கூடு கட்டும், 15 கிலோ வரை போகும் டால்மேஷியன்தான். கிறிஸ்பஸை ஃபிலிப்பென்சிஸோடு சேர்த்து எழுதிய பழைய பட்டியல்காரர்கள் இனத்தைத் தவறவிட்டார்கள், ஆனால் சொந்தத்தைச் சரியாகக் கண்டிருந்தார்கள்.

வரிசை அளவில் அடி இன்னும் பலம். நாலு விரல் சவ்வை நம்பி, பெலிகன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கேனட், ஃபிரிகேட் எல்லாம் பெலிகானிஃபார்மெஸ் என்ற ஒரே வரிசையில் நெடுங்காலம் இருந்தன. டிஎன்ஏ சொன்ன கணக்கில், பெலிகனுக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவின் ஷூபில், ஹேமர்கோப் என்ற இரண்டு பறவைகள். இரண்டுக்கும் நாலு விரல் சவ்வு கிடையாது. அதற்கடுத்த சொந்தம் கொக்கும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சூலிஃபார்மெஸ் என்ற தனி வரிசைக்குப் போய்விட்டன. ஆக, கண்மாயில் கூழைக்கடாவின் பக்கத்திலேயே மீன் பிடிக்கும் நீர்க்காகம் வேற்று ஆள். மடையில் ஒற்றையாகக் குறுகி நிற்கும் மடையான் சொந்தக்காரன். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் ஒரே கருவேல மரத்தில் அடுக்கு வீடு மாதிரிக் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா மூன்றும் மூன்று வரிசை.

பெலிகனின் அந்த அலகு மட்டும் யார் எப்படிப் பிரித்தாலும் மாறாமல் இருந்திருக்கிறது. பிரான்ஸின் லூபெரோன் பகுதியில் கிடைத்த, சுமார் 3 கோடி ஆண்டு பழைய புதைபடிவத்தில் அலகு கிட்டத்தட்ட இன்றைய பெலிகனின் அலகுதான்.

இந்த மாற்றங்களால் நடைமுறையில் உடைவது எக்செல் பட்டியல். பழைய கண்மாய்க் கணக்கெடுப்பைப் புதுப் பட்டியலோடு சீரியல் நம்பரை வைத்துப் பொருத்தினால், நீர்க்காகத்தின் எண்ணிக்கை கொக்கின் மேல் ஏறிவிடும். அறிவியல் பெயரை வைத்துப் பொருத்தினாலும் சின்ன நீர்க்காகம் காணாமல் போகும். பழைய பட்டியலில் அது ஃபாலக்ரோகோராக்ஸ் நைகர். இரண்டாவது சொல்லை மட்டும் தனிப் பத்தியில் பிரித்து முதலில் அதை ஒப்பிடுங்கள், அதன் பிறகு பேரினத்தைச் சரிபாருங்கள். எந்தப் பட்டியலின் எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்று முதல் வரியில் எழுதிவைத்தால், பின்னால் வருகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கடைசியாகக் கரையில் வைக்கும் பலகை. தமிழில் பெரிதாகக் 'கூழைக்கடா' என்று எழுதினாலே போதும் என்பது என் கருத்து. சாம்பல், புள்ளி அலகு எல்லாம் ஆங்கிலப் பெயர் மாற மாற மாறுபவை. இங்கே வந்து இறங்குவது பெரும்பாலும் ஒரே இனம்தான். கூழை என்றால் குட்டை. அந்தக் கட்டைக் காலுக்குப் பொருத்தமான பெயர்தான். 'பிலிப்பைன்ஸ் பெலிகன்' என்று லத்தீனைத் தமிழாக்கி எழுத வேண்டாம், படிக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வலசை வந்த பறவை என்று நினைத்துக்கொள்வார்கள். கீழே லத்தீன் பெயரை ரோமன் எழுத்தில் சாய்வாக எழுதுங்கள்: முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது, இரண்டாவது சொல் ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாக இருந்தாலும் சின்ன எழுத்துதான். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாததால் பெயின்டர்கள் இரண்டு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுவார்கள். எழுத்துப் பிழையும் அந்த இரண்டாவது சொல்லில்தான் வரும். ஸ்பெல்லிங்கைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்: சொல்லின் நடுவில் எல் ஒன்று, அதற்கப்புறம் பி இரண்டு.